நஸீஹாவின் ஓவன் கதவு

பொறாமை என்ற ஒன்று தன்னிடமும் இருக்கிறது என்பது நஸீஹாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. அதுவரை அதற்கு வேலையே இருக்கவில்லை. கணவர் அப்துல் காதரின் குடும்பத்தில் கேக் என்றால் நஸீஹாதான். பெருநாள், பிறந்தநாள், பிள்ளைக்குப் பெயர் வைப்பது, யாராவது ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்புவது, எதுவானாலும் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவள் வீட்டிலிருந்துதான் கேக் போகும். ரவையும் பாதாமும் நிறைய வெண்ணெயும் போட்டு அவள் செய்யும் சூஜி கேக்கைச் சாப்பிட்டவர்கள் அடுத்த பெருநாள் வரை அதைப் பற்றிப் பேசுவார்கள்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு முட்டையை ஒழுங்காக உடைக்கக்கூடத் தெரியாது. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். இரண்டாவது மகன் பிறந்ததும் வேலையை விட்டாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சமூக மன்றத்தில் கேக் வகுப்பில் சேர்ந்தாள். முதலில் செய்தது செங்கல் மாதிரி வந்தது. யாருக்கும் காட்டாமல் குப்பையில் போட்டாள். விடாமல் செய்து செய்து, ஒருநாள் துணிந்து ஒரு கேக்கைக் கணவரிடம் கொடுத்தனுப்பினாள். அவரும் தம்பி ரமீஸும் டன்லப் தெருவில் மசாலா சாமான் கடை வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பியது. பக்கத்துக் கடைக்காரர் தன் மகள் பிறந்தநாளுக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து நிற்கவே இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவள் கணவரிடம் வளையல் கேட்கவில்லை, சோபா கேட்கவில்லை. அடுப்புக்குக் கீழே அலமாரிக்குள் பதித்த ஒரு நல்ல ஓவன் வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தார்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் ரமீஸின் மனைவி அனம்.

அனம் கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொந்தரவு. நஸீஹாவைவிடப் பதினைந்து பதினாறு வயது இளையவள். வங்கியில் வேலை. புக்கிட் பாத்தோக்கில் புது வீடு. வந்த நாள் முதல் நஸீஹாவை 'லாத்தா' என்றே அழைப்பாள், சொந்த அக்காவை அழைப்பதுபோல. கொவிட் நேரத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது பொழுதுபோக்காகக் கேக் செய்ய ஆரம்பித்தாள். மற்றவர்கள் பிறகு விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. பாண்டான் இலை வாசனையும் குலா மெலாக்கா வெல்லப்பாகுமாக அடுக்கடுக்காக ஒரு கேக் செய்து, அதன்மேல் பூ மாதிரி கிரீம் வைத்து, படம் எடுத்துக் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் போட்டாள். "மாஷா அல்லாஹ்" என்று வரிசையாக வந்து விழுந்தது. நஸீஹாவும் போட்டாள். போட்ட கையோடு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததையெல்லாம் வெளியில் சொன்னால் வெட்கம். அனம் கேக்கைக் கொடுத்தனுப்பினால் ஒரு துண்டை எடுத்து, குறை எங்கே என்று நாக்கால் தேடுவாள். கிடைக்காது. "கொஞ்சம் இனிப்பு தூக்கல்" என்று யாரும் கேட்காமலேயே சொல்வாள். பலகாரம் வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு பிடி பேரீச்சம்பழமாவது வைத்து அனுப்புவதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். ஒருமுறை அனத்தின் டப்பாவை வெறுமனே கழுவித் துடைத்து அனுப்பினாள். அனம் அதைக் கவனித்தாளா இல்லையா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். மகனுடைய பழைய போனிலிருந்து அனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். வெறும் ஓவன் கதவைக்கூட அந்தப் பெண் படம் எடுத்துப் போட்டிருந்தாள். கருப்புக் கண்ணாடி, உள்ளே மஞ்சள் விளக்கு, ஒரு விரல்ரேகை இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் நஸீஹாவின் கை சறுக்கத் தொடங்கியது.

கேக் ஒரு பக்கம் நன்றாகச் சிவந்து எழும்பும், மறுபக்கம் வெளுத்துப்போய்க் கிடக்கும். நடுவில் குழி விழும். மாவு சரியில்லை என்று மாவை மாற்றினாள். முட்டை வாங்கும் கடையை மாற்றினாள். ரவையை வறுத்தும் வறுக்காமலும் பார்த்தாள். ஒரு பழைய வாடிக்கைக்காரர், "கேக் நல்லாத்தான் இருந்துச்சு, இந்த தடவ நடுவுல கொஞ்சம் ஈரமா இருந்துச்சு" என்று பட்டும் படாமலும் சொன்னார். அடுத்த மாதம் அவர் அனத்திடம் ஆர்டர் கொடுத்தது நஸீஹாவின் காதுக்கு வந்தது.

"எனக்குக் கண்ணு பட்டுடுச்சுங்க" என்றாள் கணவரிடம்.

"யாரு கண்ணு?"

"யாரு கண்ணுன்னு நான் சொல்லணுமா?"

அப்துல் காதர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "அந்தப் புள்ளகிட்ட புது ஓவன் இருக்கு, நல்ல வேலை இருக்கு, நாலு பேரு புகழுறாங்க. அது எதுக்கு உன்னப் பாத்துக் கண்ணு வைக்கணும்? வைக்கிறதா இருந்தா நீதான் வைக்கணும்."

அவள் அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

காரணம் தானாகவே ஒருநாள் வெளிப்பட்டது. ஓவனில் கேக்கை வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது தொடையில் சுள்ளென்று சூடு தட்டியது. குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். கதவின் வலது மேல் மூலையிலிருந்து அனல் மூச்சு விடுவதுபோல வந்துகொண்டிருந்தது. பக்கத்து இழுப்பறையைத் திறந்தால் உள்ளே இருந்த கரண்டிகள் சுட்டன. ஓவன் ஆறியதும் கதவைத் திறந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். குக்கர் மூடிக்கு ரப்பர் இருப்பதுபோல, ஓவன் வாயைச் சுற்றியும் ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. இத்தனை வருஷமாக அதை அவள் துடைத்திருக்கிறாளே தவிர, அது எதற்கு இருக்கிறது என்று யோசித்ததில்லை. வலது பக்கம் அது காய்ந்து, கருத்து, வெடித்திருந்தது. மூலையில் சுத்தமாக அறுந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே நிற்க வேண்டிய சூடெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கை போகவில்லை! ரப்பர்தான் போயிருக்கிறது!

"புதுசு வாங்கிடலாம்லா" என்றார் அப்துல் காதர். "அனம் வீட்டுல இருக்குதே, அது மாதிரியே ஒண்ணு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை வாங்கியிருப்பாள். "அவளப் பாத்து வாங்கினேன்னு ஊரு சொல்லவா? இதுவே போதும் எனக்கு. ரப்பரத்தான மாத்தணும்? மாத்திக்கலாம்."

மறுநாள் கணவருக்குச் சாப்பாடு கொடுக்கும் சாக்கில் கடைக்குப் போனாள். தீபாவளிக்கு முந்திய நாட்கள். சிராங்கூன் ரோடு முழுக்க விளக்குத் தோரணம், சாமான் வாங்க வந்த கூட்டத்தில் நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. கடையில் அண்ணனும் தம்பியும் ஏலக்காயும் முந்திரியும் அள்ளிக்கொடுத்து மாளாமல் நின்றார்கள். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஜாலான் புசார் பக்கம் நடந்தாள். பழைய மின்சாதனங்களுக்கு உதிரிச் சாமான் விற்கும் கடை ஒன்று அங்கே இருந்தது. சீனர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நஸீஹா மலாயில் விஷயத்தைச் சொல்லி, ஓவன் கதவோரம் ஒட்டியிருந்த மாடல் எண்ணின் படத்தைப் போனில் காட்டினாள். ரப்பர் மூன்று பக்கம் ஓடுகிறதா, நாலு பக்கமுமா என்று அவர் கேட்டார். நாலு பக்கமும், மூலைக்கு மூலை கொக்கி என்றாள். உள்ளே போய்த் தேடி, பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய சாம்பல் நிறப் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பசை எதுவும் போடக் கூடாது, கொக்கியை மாட்டினால் போதும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதை இழுப்பறையில் வைத்தாள். தானே கழற்றப்போய்க் கதவை ஏதாவது ஆக்கிவிடுவோமோ என்று பயம். "ஞாயித்துக்கிழம நான் மாட்டித் தரேன்" என்றார் கணவர். தீபாவளி வியாபாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவருக்கு வரவே இல்லை. தீபாவளி முடிந்த பிறகும் ரப்பர் இழுப்பறையிலேயே கிடந்தது. அதை மாட்டும்வரை அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாதி நேரத்தில் கதவைத் திறந்து கேக் தட்டைச் சட்டென்று திருப்பி வைத்து, சூட்டையும் ஒரு பிடி கூட்டிவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்.

அப்படி இருக்கும்போதுதான் மார்சிலிங்கிலிருந்து செய்தி வந்தது. அப்துல் காதரின் அக்கா அஸ்மத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். அஸ்மத் மச்சியின் மூத்த மகளுக்கும், மகனுக்கும், ஏன், வீடு குடிபோனதுக்கும் கேக் செய்தது நஸீஹாதான். இந்த முறையும் போன் வரும் என்று பாதாம்கூட வாங்கி வைத்துவிட்டாள். போன் வந்தது.

"நஸீஹா, நீ வேற எதுக்கு சிரமப்படணும்? முட்டி வலிங்கற. பொண்ணு, அனம் மாமி செய்யற அடுக்கு கேக்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இந்தக் காலத்துப் புள்ளைங்க, படம் எடுக்கணும்ல. நீ நிம்மதியா வந்து உக்காந்து சாப்புடு."

"ஆமா மச்சி, அதுக்கென்ன மச்சி" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்த நஸீஹா, வாங்கி வைத்த பாதாமை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் தள்ளினாள். நிம்மதியா வந்து உக்காந்து சாப்புடு.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு அனம் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"லாத்தா, மேல் வீட்டுக்காரங்க பைப் உடைஞ்சு எங்க கிச்சன் சுவரெல்லாம் தண்ணி. பிளக் பாயிண்ட் எல்லாம் நனைஞ்சுபோச்சு. எலக்ட்ரிசியன் மண்டேதான் வருவாராம், அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்கன்னுட்டாரு. சண்டே ஃபங்ஷன். சாட்டர்டே காலைல உங்க ஓவன் தர்றீங்களா? ப்ளீஸ் லாத்தா."

இல்லை என்று எப்படிச் சொல்வது? வா என்றாள்.

சனிக்கிழமை காலையில் ரமீஸ் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினான். அனம் சமையலறைக்குள் நுழைந்தாள். தராசு, மூன்று வட்டத் தட்டு, அளவாக வெட்டிய காகிதம், பெயர் ஒட்டிய டப்பாக்கள். நஸீஹா இத்தனை வருஷம் கைப்பிடியாலும் குவளையாலும் அளந்த மேசையில் அவள் கிராம் கிராமாக நிறுத்தாள். அலட்டவில்லை, கொட்டவில்லை, சிந்தவில்லை. பார்க்கப் பார்க்க நஸீஹாவுக்கு வயிறு எரிந்தது. மாவுக் கலவையைத் தட்டில் ஊற்றி, ஓவன் முன் நின்று அனம் திரும்பினாள்.

"இந்த ஓவன்ல எதாச்சும் பாத்துக்கணுமா லாத்தா? ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்ல."

வாய் திறந்து சொல்ல வேண்டிய இடம் அதுதான். வலது மூலையில் ரப்பர் போயிருக்கிறது, பாதியில் தட்டைத் திருப்பி வை, இல்லாவிட்டால் கொஞ்சம் பொறு, புது ரப்பர் இந்த இழுப்பறையிலேயே இருக்கிறது, மாட்டிவிடலாம். அவ்வளவுதான். நஸீஹாவுக்கு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ஒண்ணுமில்ல. நல்லா சூடாகும்" என்றாள்.

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியவில்லை. அறைக்குள் போய்த் துணி மடிக்க உட்கார்ந்தாள். ஒரே கைலியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பாண்டான் வாசனை வீடெல்லாம் பரவியது. இப்போது திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. கை கைலியிலேயே இருந்தது. இப்போதும் போய்ச் சொல்லலாம் என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை. அவளுக்கும் ஒருமுறை தெரியட்டுமே என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அது தன் குரல் மாதிரியே இல்லை. ஆனால் தன்னுடையதுதான்.

"யா அல்லாஹ்" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

மூன்று தட்டும் மேசையில் இருந்தன. மூன்றும் ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் வெளுத்துச் சரிந்து, நடுவில் பச்சை மாவாகக் குழி விழுந்திருந்தது. அனம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகையை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முட்ட பழசோ என்னவோ லாத்தா. இல்ல, நான்தான் சரியா அடிக்கல. நேத்து ராத்திரி தூங்கவே இல்ல, அதுல எதையோ விட்டுட்டேன்."

இதே வார்த்தைகளை நஸீஹா இதே சமையலறையில் தனக்குத்தானே எத்தனை முறை சொல்லியிருப்பாள்! கேட்க என்னவோ போல் இருந்தது.

"என்னால முடியாது லாத்தா. நீங்க பண்ணிடுங்க. உங்க சூஜி கேக்கே இருக்கட்டும். மச்சிகிட்ட நானே சொல்லிடறேன், எனக்கு வரலன்னு. உங்க கைப்பக்குவம் எனக்கு எந்தக் காலத்துலயும் வராது." அனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக நஸீஹா எந்த வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தாளோ அது இதோ வந்துவிட்டது, அதுவும் அந்தப் பெண்ணின் வாயாலேயே. ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணம் அது கசந்தது. இவள் எதைப் பார்த்து இதைச் சொல்கிறாள்? தன் கையைப் பார்த்தா? ஜெயித்தது தன் கை இல்லையே, ஓர் ஓட்டை ரப்பர்! இந்தப் பெண்ணைத் தோற்கடிக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது நிஜம். கேக்கை வைத்துத் தோற்கடிக்கத்தான் ஆசைப்பட்டாள். இப்படிக் கிடைத்த புகழை எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? நாளை அஸ்மத் மச்சி வீட்டில் நாலு பேர் கேக்கைப் பாராட்டும்போது அதில் ஒரு வாய்கூட இறங்காது.

"போன வை" என்றாள்.

"இல்ல லாத்தா, லேட் பண்ணா மச்சி..."

"வைன்னு சொன்னேன்ல."

இழுப்பறையைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் போட்டாள். சுவரில் ஓவனுக்கான சுவிட்சை அணைத்தாள். கதவை அகலத் திறந்து, ஹாலிலிருந்து மின்விசிறியை இழுத்து வந்து முன்னால் வைத்தாள். அனம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவன் கை வைக்கும் அளவுக்கு ஆறியதும் நஸீஹா குனிந்து, வலது மேல் மூலையைக் காட்டினாள்.

"இங்க பாரு. இதான் காரணம். முட்ட இல்ல. நீ இல்ல."

கழற்றுவதற்குத்தான் இத்தனை நாள் பயந்தாள். கொக்கியை விரலால் கொஞ்சம் கோணலாக இழுத்ததும் சுலபமாக வந்துவிட்டது. பாதி வழியிலேயே பட்டை பிய்ந்து துண்டு துண்டாகக் கையோடு வந்தது. ரப்பர் உட்கார்ந்திருந்த விளிம்பில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். கொக்கி மாட்டும் ஓட்டைகளில் அடைத்துக்கொண்டிருந்த கரியைப் பல்குச்சியால் சுரண்டினாள். அனம் எழுந்து வந்து காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு உறையைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லாத்தா, இது எப்ப வாங்கினீங்க?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. இப்போதுதான் என்று சொல்ல முடியாது, போன வாரம் என்று சொல்லலாம், மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.

"தீபாவளிக்கு முன்னாடி."

அனத்தின் கை நின்றது. நஸீஹா அவளைப் பார்க்கவில்லை. பட்டையை நீட்டி, மேல் கொக்கி இரண்டையும் ஓட்டைக்குள் அழுத்தினாள். கீழே குனிந்து மற்ற இரண்டையும் அழுத்தினாள். கடைசிக் கொக்கி இரண்டு முறை வழுக்கியது. அனம் பக்கத்தில் குந்தி, பட்டை சுருளாமல் பிடித்துக்கொண்டாள். கொக்கி உள்ளே போய் உட்கார்ந்தது.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றாள் அனம். குரலில் ஈரமே இல்லை. காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். எங்கும் வழுக்கிக்கொண்டு வரவில்லை, இறுக்கிப் பிடித்தது. "ஓகே. டைட்டா இருக்கு."

புது ரப்பரின் வாடை போக ஓவனைச் சும்மா கொஞ்ச நேரம் சூடாக்கினார்கள். அனம் கொண்டுவந்த முட்டை போதவில்லை. நஸீஹா தன் முட்டைகளை எடுத்து உடைத்தாள். வெள்ளைக் கருவை அனம் அடிக்க ஆரம்பித்தபோது, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும், நிறுத்து" என்றாள். இப்போது சூடு வெளியே போகாது, நீ வழக்கமாக வைக்கும் அளவே வை, நான் கூட்டி வைத்ததைப் பார்த்து வைக்காதே என்றாள். தேவையானதை மட்டும்தான் இருவரும் பேசினார்கள். மூன்று தட்டும் ஒரே நிறமாக, மட்டமாக, விரல் வைத்தால் மெத்தென்று அமுங்கி எழும்பும்படி வந்தன. நஸீஹாவின் ஓவனில் பல மாதத்துக்குப் பிறகு வந்த நல்ல கேக் அதுதான். அதுவும் அனத்துடையது.

ரமீஸ் வந்து எல்லாவற்றையும் காரில் ஏற்றினான். அனம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தேங்க்ஸ் லாத்தா" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் மார்சிலிங்கில் கேக்கைச் சுற்றி நின்று எல்லாரும் படம் எடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எந்தக் கடையில் ஆர்டர் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அஸ்மத் மச்சி அனத்தின் கன்னத்தைத் தடவி விரலை முத்தமிட்டார். நஸீஹா ஒரு மூலையில் தட்டோடு உட்கார்ந்து, எந்த நிமிஷம் விஷயம் உடையப்போகிறதோ என்று காத்திருந்தாள். அனம் எல்லாரிடமும் சிரித்தாள், "தேங்க்ஸ் மாமி, தேங்க்ஸ் மச்சி" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. கடையில் ரமீஸ் அண்ணன் மனைவியான அவளிடம் எப்போதும்போல 'மச்சி, மச்சி' என்றே பேசினான். அவனிடம்கூடச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

முதலில் நஸீஹாவுக்கு உயிர் வந்தது. ஒரு வாரம் போனதும் வேறொன்று வந்தது. தான் செய்த காரியத்தை வெளியே விடாமல் மூடி வைத்திருக்கிறாள் அந்தப் பெண். எவ்வளவு பெரிய மனசு! அழகு, படிப்பு, கைத்திறன் எல்லாம் கொடுத்த ஆண்டவன் இதையும் அவளுக்கேவா கொடுக்க வேண்டும்? தன் இடத்தில் அவள் இருந்து, அவள் இடத்தில் தான் இருந்திருந்தால், அன்று சாயங்காலமே வாட்ஸாப்பில் போட்டிருப்போம் என்று நஸீஹாவுக்கு நிச்சயமாகத் தெரியும். கேக்கைப் பார்த்துப் பட்ட பொறாமையைவிட இது மோசம். கேக்கையாவது இன்னும் நன்றாகச் செய்து பார்க்கலாம். நல்ல மனசை எங்கே போய்ச் செய்வது?

ஓவன் இப்போது ஒழுங்காக வேலை செய்தது. சூஜி கேக் பழையபடி வந்தது, பழைய ஆட்கள் சிலர் திரும்பி வந்தார்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இது மட்டும் உறுத்தியது. கடைசியில் ஒரு மத்தியானம் ஒரு கேக்கைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் புக்கிட் பாத்தோக்குக்குப் போனாள்.

அனம் கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். தேநீர் போட்டாள். இதற்குமேல் தாங்காது என்று நஸீஹா ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு உன்மேல பொறாம. அதான் அன்னிக்கு சொல்லல. நீ கேட்டும் சொல்லல. தப்பு என்னோடதுதான்."

"தெரியும் லாத்தா."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் நீ சொல்லல. எனக்கு அந்த மனசு வராதும்மா. உன்ன நினைச்சா..."

"ஐயோ லாத்தா, நிறுத்துங்க." அனம் கையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. "நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து குளிக்கும்போது ஷவரத் திறந்துவிட்டுக் கத்தினேன். ரமீஸ்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். ரப்பர் கதையச் சொன்னா, ரெண்டாவது கேக் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. லாத்தா முட்ட குடுத்தாங்க, லாத்தா பக்கத்துல நின்னு 'போதும் நிறுத்து'ன்னு சொன்னாங்கன்னு அதையும் சொல்லணும். அப்ப என் கேக் எப்படி என் கேக் ஆகும்? அவ்வளவு பேரு புகழ்ந்தாங்க, படம் எடுத்தாங்க. அத ஷேர் பண்ண எனக்கு மனசு வரலலா. அதான் பேசாம இருந்துட்டேன். உங்களுக்காக இல்ல."

நஸீஹா கோப்பையைக் கீழே வைத்தாள். முதலில் கோபம்தான் வரப்பார்த்தது. அப்புறம் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அனமும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு தாங்க முடியாமல் சேர்ந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பெண்ணை முதல் முறையாகப் பிடித்தது நஸீஹாவுக்கு. வாரக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கனம் இறங்கிவிட்டது.

"இருந்தாலும் நீங்க செஞ்சது ரொம்ப மோசம் லாத்தா" என்றாள் அனம், சிரிப்பு அடங்கியதும். "நான் மறக்கமாட்டேன்."

"மறக்காத" என்றாள் நஸீஹா.

அனம் சூஜி கேக்கை வெட்டி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். நஸீஹாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"மச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு கேக் யாரு?" என்று கேட்டாள் அனம், ஏதோ மழை வருமா என்று கேட்பதுபோல.

"என்னத்தான் கேட்டாங்க. நிச்சயதார்த்தத்துக்குத்தான் அப்படி ஆயிப்போச்சு, கல்யாணத்துக்கு உன் சூஜி கேக் இல்லாம எப்படின்னு..."

"என்னையும் கேட்டாங்களே! அடுக்கு கேக் உன்னத் தவிர யாருக்கு வரும்னு!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஸ்மத் மச்சியின் சாமர்த்தியத்தை நினைத்து மறுபடியும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நஸீஹாவுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தலை தூக்கியது. கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"உன்ன எப்ப கேட்டாங்க?"

அனம் கேக்கை விழுங்கிவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க லாத்தா."